காலியாக விட்ட ஒரு கட்டம்

ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்று ஓர் ஓய்வூதிய நிதி நிறுவனம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் வேலை பார்ப்பவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பை வாங்கி முதலீடு செய்து காப்பாற்றுவதுதான் அதன் தொழில். 2024-ல் அதற்கு 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக அது நிர்வகித்த தொகை சுமார் 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

அந்த வருடம் மே மாதம் 2-ஆம் தேதி உறுப்பினர்களால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஏறக்குறைய ஒரு வாரம் இப்படியே போனது. முப்பது வருடம் பாடம் நடத்திச் சேர்த்த பணம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பேராசிரியரால் பார்க்க முடியவில்லை என்றால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

பணம் போகவில்லை. முதலீடுகள் பத்திரமாகவே இருந்தன. கணக்கைக் காட்ட வேண்டிய கணினிகள்தான் காணாமல் போயிருந்தன. யாரும் திருடவில்லை. வைரஸ் வரவில்லை, தீப்பிடிக்கவில்லை, வெள்ளம் புகவில்லை. ஒரு வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். அந்த வெற்றிடத்துக்கு மென்பொருள் தானாக ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டது. நாள் வந்ததும் அதன்படி எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

இது கணினிக்காரர்கள் பாடு, வணிகவியல் படிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கதையை அடி முதல் நுனி வரை பார்த்தால் இது கணினிப் பாடத்தை விட தணிக்கைப் பாடத்துக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிய வேண்டும். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான்.

ஒரே வீடு, பல குடித்தனம்

சென்னையின் பழைய தெருக்களில் ஒண்டுக்குடித்தனம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடு. உள்ளே போனால் ஐந்தாறு போர்ஷன். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு, தனிக் குடும்பம். தண்ணீர் எத்தனை மணிக்கு, கரண்ட் பில்லில் யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

நிறுவனங்களில் இருக்கும் பெரிய கணினிகளை, அதாவது சர்வர்களை, இப்படிப் போர்ஷன் போர்ஷனாகப் பிரிப்பதைத்தான் விர்ச்சுவலைசேஷன் என்கிறார்கள். தமிழில் மெய்நிகராக்கம். ஒரு சர்வருக்குள் பத்து, இருபது "மெய்நிகர் இயந்திரங்கள்" ஓடும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

யோசனை புதிதல்ல. ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே தன் ராட்சதக் கணினிகளில் இதைச் செய்து பார்த்தது. 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கும் கொண்டுவந்தது. பிறகு விலை மலிவான சிறிய சர்வர்கள் வந்தன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சர்வர் வாங்கிப் போட்டார்கள். மின்னஞ்சலுக்கு ஒன்று, சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று. அவற்றில் பல, நாளின் பெரும்பகுதி சும்மாவே ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் கரண்ட், ஏசி, இடம், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் செலவு மட்டும் முழுசாக ஆனது.

1998-ல் அமெரிக்காவில் டயான் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் உள்ளிட்ட ஐந்து பேர் சேர்ந்து விஎம்வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சாதாரண சர்வர்களிலும் குடித்தனம் வைக்கலாம் என்று காட்டியது அந்த நிறுவனம்தான். 2001-ல் சர்வர்களுக்கான அதன் மென்பொருள் வந்தது. பத்து சர்வர் செய்த வேலையை ஒன்றில் அடக்கலாம் என்றால் எந்த நிதி மேலாளர்தான் வேண்டாம் என்பார்? பல கைகள் மாறி, 2023 நவம்பரில் அந்த நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது தனிக் கதை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மெய்நிகர் இயந்திரம் என்பது கடைசியில் வட்டில் இருக்கும் சில கோப்புகள்தான். கோப்பு என்றால் நகல் எடுக்கலாம், இடம் மாற்றலாம். அதேபோல அழிக்கவும் செய்யலாம். பழைய காலத்தில் ஓர் அலுவலகத்தின் நூறு சர்வர்களை இல்லாமல் செய்ய வேண்டுமானால் லாரி வேண்டும், ஆள் வேண்டும், வாசலில் காவலாளி "எங்கே கொண்டுபோறீங்க?" என்று கேட்பார். இப்போது ஒரு கட்டளை போதும். கேட்க ஆள் இல்லை.

எள் என்றால் எண்ணெய்

ஐந்து போர்ஷனை ஒரு வீட்டுக்காரர் சமாளிப்பார். ஐயாயிரம் போர்ஷன் என்றால்? எந்தக் குடித்தனம் எந்த வீட்டில், எங்கே இடம் காலி, எந்த வீட்டின் கூரை ஒழுகுகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளவே தனி அலுவலகம் வேண்டும். அந்த அலுவலகம்தான் விர்ச்சுவலைசேஷன் மேலாண்மை மென்பொருள்.

2003-ல் விஎம்வேர் வெளியிட்ட விர்ச்சுவல்சென்டர் இந்த வகையில் பெயர் பெற்ற ஒன்று. பிற்பாடு இது விசென்டர் என்று பெயர் மாறியது. அதனுடன் வந்த விமோஷன் என்ற வசதியைக் கண்டு அப்போது பலர் ஆச்சரியப்பட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலேயே ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றிவிடும். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே குடித்தனத்தை அடுத்த வீட்டுக்கு மாற்றுவது மாதிரி. சோறும் பொங்காது, அடுப்பும் அணையாது! ஒரு சர்வர் திடீரென்று செத்துப்போனால் அதில் இருந்தவற்றை வேறு சர்வரில் தானாக எழுப்பிவிடும் வசதியும் பின்னர் சேர்ந்தது.

அடுத்த கட்டம் ஆர்கெஸ்ட்ரேஷன். வாத்தியக் கோஷ்டியை ஒருவர் நடத்துவது போல, இயந்திரம், வலைப்பின்னல், சேமிப்பிடம், அனுமதி எல்லாவற்றையும் சரியான வரிசையில் இயக்கிவைப்பது. 2010-ல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து ஓப்பன்ஸ்டாக் என்ற திறந்த மூல மென்பொருளைத் தொடங்கின. ஜெனிவாவில் இருக்கும் செர்ன் ஆராய்ச்சிக்கூடம் 2013 முதல் இதைக் கொண்டே தன் பிரம்மாண்டமான கணினிக் கூட்டத்தை நடத்துகிறது. 2014-ல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ் இதே வேலையைக் கன்டெய்னர் எனப்படும் இன்னும் சிறிய பொட்டலங்களுக்குச் செய்கிறது.

இந்த மென்பொருள்கள் பலவற்றின் வேலை முறை சுவாரசியமானது. "இதைச் செய், அப்புறம் அதைச் செய்" என்று ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். "இந்த நிரலுக்கு எப்போதும் ஐந்து பிரதிகள் ஓட வேண்டும்" என்று எழுதிவைத்தால், ஒன்று விழுந்ததும் மென்பொருள் புதிதாக ஒன்றை எழுப்பும். ஆறு இருந்தால் ஒன்றை நிறுத்தும். இரவு இரண்டு மணியா, பொங்கல் விடுமுறையா என்றெல்லாம் பார்க்காது. ஏசியில் 24 டிகிரி என்று வைத்துவிட்டுப் படுத்தால் அது தானே ஓடி நின்று ஓடி நின்று அதே குளிரை வைத்துக்கொள்வது போலத்தான்.

எள் என்றால் எண்ணெயாக நிற்கும் வேலைக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் அந்த வேலைக்காரனிடம் ஒரு சிக்கல் உண்டு. முதலாளி ஒன்றுமே சொல்லாமல் போனாலும், "இதைத்தான் நினைத்திருப்பார்" என்று அவன் எதையாவது செய்துவைத்தால்?

அழிந்த கதை

யூனிசூப்பர் விஷயத்தில் நடந்தது அதுதான். அந்த நிறுவனம் தன் கணினிகளைக் கூகுள் கிளவுடில், விஎம்வேர் மென்பொருளால் இயங்கும் ஒரு தனியார் கிளவுடாக வைத்திருந்தது. 2023-ன் தொடக்கத்தில் கூகுள் ஊழியர்கள் அதை அமைத்துக் கொடுத்தபோது வழக்கமான திரையைப் பயன்படுத்தாமல் உள்ளுக்குள் புழங்கும் ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். வாடிக்கையாளருக்குத் தேவையான கொள்ளளவைக் குறிப்பிட்ட விதத்தில் ஒதுக்குவதற்காக அந்த ஏற்பாடு. அந்தக் கருவி கேட்ட விவரங்களில் ஒன்று காலியாக விடப்பட்டது.

காலியாக இருந்ததால் கருவி தானாக ஒன்றை எடுத்துக்கொண்டது. இந்த ஏற்பாட்டுக்கு ஆயுள் ஒரு வருடம், முடிந்ததும் தானாக அழிக்கப்பட வேண்டும் என்று. யாரும் அப்படிக் கேட்கவில்லை. அப்படி ஒரு வரி உள்ளே இருப்பது யாருக்கும் தெரியவும் இல்லை. கிளவுட் நன்றாகவே ஓடியது. ஒரு வருடம் முடிந்தது. மென்பொருள் தன் கடமையைச் செய்தது.

"அழிக்கப் போகிறோம்" என்று ஒரு மின்னஞ்சல் கூடவா வரவில்லை? வரவில்லை. அதற்குக் கூகுள் பின்னர் சொன்ன விளக்கம் யோசிக்க வைப்பது. வாடிக்கையாளரே அழிக்கச் சொல்லியிருந்தால் முன்கூட்டியே அறிவிப்பு போயிருக்கும். இது வாடிக்கையாளர் கேட்டு நடந்த அழிப்பு அல்ல என்பதால் அறிவிப்பும் போகவில்லை. அதாவது, எந்த வழியாகத் தவறு வரும் என்று எதிர்பார்த்தார்களோ அந்த வாசலில் மட்டும் காவல் இருந்தது. இது கொல்லைப்புறம் வழியாக வந்துவிட்டது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். யூனிசூப்பர் அசட்டையாக இருந்த நிறுவனம் அல்ல. ஓர் இடத்தில் கோளாறு வந்தால் இன்னோர் இடம் கைகொடுக்க வேண்டும் என்று இரண்டு இடங்களில் தன் அமைப்பை வைத்திருந்தது. ஆனால் சந்தா அழிந்தபோது இரண்டு இடத்திலும் சேர்ந்தே அழிந்தது. இரண்டு பீரோ வாங்கினார்கள், இரண்டையும் இரண்டு அறைகளில் வைத்தார்கள். ஆனால் சாவிக்கொத்து ஒன்றுதான். ஒரு டேட்டா சென்டரில் தீப்பிடித்திருந்தால் மற்றது காப்பாற்றியிருக்கும். மேலே உட்கார்ந்து இரண்டையும் நிர்வகிக்கும் மென்பொருளே "அழி" என்று முடிவெடுத்தால் இரண்டாவது இடத்தால் என்ன பயன்? முதல் இடத்துக்குப் போன அதே கட்டளைதான் அங்கேயும் போகும்.

காப்பாற்றியது பேக்கப். யூனிசூப்பர் வேறொரு சேவை நிறுவனத்திடமும் தன் தகவல்களின் பிரதியை வைத்திருந்தது. கூகுளின் சேமிப்பிடத்தில் தனியாக வைத்திருந்த பேக்கப்புகளும் இந்த அழிப்பில் சிக்காமல் தப்பின. அவற்றை வைத்துத்தான் ஒவ்வொன்றாக மீட்டார்கள். கூகுள் கிளவுடின் தலைவர் தாமஸ் குரியனும் யூனிசூப்பரின் தலைவர் பீட்டர் சுன்னும் சேர்ந்து அறிக்கை வெளியிட்டு, இப்படி ஒன்று இதற்கு முன் எந்த வாடிக்கையாளருக்கும் நடந்ததில்லை என்றும் இனி நடக்காதபடி நடவடிக்கை எடுத்திருப்பதாகவும் தெரிவித்தார்கள்.

காசோலையில் இழுக்கும் கோடு

இப்போது வணிகவியலுக்கு வரலாம். காசோலை எழுதத் தெரிந்த எவரும் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. "ஐந்தாயிரம் ரூபாய் மட்டும்" என்று எழுதிவிட்டு மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். "மட்டும்" என்ற சொல் எதற்கு? அந்தக் கோடு எதற்கு? காலியிடத்தில் பிறகு எதையாவது சேர்த்துவிடலாம் என்ற பயம்தான். பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் பக்கத்தின் அடியில் காலி வரிகள் இருந்தால் குறுக்கே ஒரு கோடு போட்டு மூடுவார்கள். காலியாக இருப்பதும் ஒரு தகவல்தான், அதை யாராவது நிரப்பிவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் பயந்தது கெட்ட எண்ணம் உள்ள மனிதனுக்கு. ஆர்கெஸ்ட்ரேஷன் மென்பொருளுக்குக் கெட்ட எண்ணமும் கிடையாது, நல்ல எண்ணமும் கிடையாது. ஆனால் காலியிடத்தை நிரப்பும் பழக்கம் உண்டு. டீஃபால்ட் என்று சொல்கிறார்களே, அதுதான். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் இப்படி எடுத்துக்கொள்வேன் என்று அதற்குள் ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான நேரம் இது வசதி. எழுத்தின் அளவையோ நிறத்தையோ ஒவ்வொரு முறையும் யார் சொல்லிக்கொண்டிருப்பது? ஆனால் "எப்போது அழிக்க வேண்டும்" என்ற கேள்விக்கும் அதே வசதியைக் கொடுக்கலாமா என்பதுதான் விஷயம்.

வங்கியில் ஒரு பெரிய தொகையை மாற்ற வேண்டுமானால் ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். மேக்கர், செக்கர் என்று சொல்வார்கள். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. முதல் ஆள் மேல் சந்தேகம் என்பதால் இந்த ஏற்பாடு வைக்கவில்லை. எவ்வளவு நல்ல ஆளுக்கும் ஒரு நாள் கண் தவறும் என்பதால் வைத்தார்கள். ஒரு நிறுவனத்தின் மொத்தக் கணினிகளையும் எழுப்பவும் அழிக்கவும் வல்ல ஒரு படிவத்துக்கு, ஒரு காசோலைக்கு இருக்கும் அளவு கட்டுப்பாடாவது இருக்க வேண்டாமா?

கையால் செய்தால் சரியாகிவிடுமா?

இதைக் கேட்டதும் "அதற்குத்தான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் விடக் கூடாது" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இன்னொரு கதை.

நைட் கேபிடல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெரிய வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு புதிய திட்டம் தொடங்கவிருந்தது. அதற்காக நைட் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. அதை ஒரு தொழில்நுட்ப ஊழியர் கையால் செய்தார். ஏழு சர்வர்களில் ஏற்றிவிட்டார். எட்டாவது விட்டுப்போனது. இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை. அப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதியும் அங்கே இல்லை.

அந்த எட்டாவது சர்வரில் 2003-லிருந்தே உபயோகிக்காமல் விட்ட பழைய நிரல் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டது. 212 சிறிய வாடிக்கையாளர் ஆர்டர்களை நிறைவேற்றப் போய், சுமார் 45 நிமிடத்தில் 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகளைச் செய்து தள்ளியது. நிறுவனத்துக்கு நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்!

அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே உள் கணினி ஒன்று 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. ஏதோ சரியில்லை என்பது அவற்றில் இருந்தது. எச்சரிக்கை மணியாக அவற்றை யாரும் கருதவில்லை. இன்னும் கொடுமை, பிரச்சினை தெரிந்த பிறகு சரி செய்கிறோம் என்று, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். நிலைமை மோசமானது. எந்த சர்வரில் எது ஓடுகிறது என்று நம்பிப் பார்க்கக்கூடிய ஒரு பட்டியல் இல்லாவிட்டால் வைத்தியமே வியாதியாகிவிடும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பு 2013-ல் அந்த நிறுவனத்துக்கு 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதே வருடம் நைட் இன்னொரு நிறுவனத்துடன் இணைந்து தன் தனி அடையாளத்தை இழந்தது.

எட்டு சர்வரில் ஒன்றை மறப்பது மனித இயல்பு. "எட்டிலும் இந்த நிரலே இருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஓர் ஆர்கெஸ்ட்ரேஷன் மென்பொருள் எட்டாவதை மறந்திருக்காது. இது சத்தியம். யூனிசூப்பரில் நடந்தது இதற்கு நேர் எதிர். மென்பொருள் எதையும் மறக்கவில்லை. ஒரு வருடம் கழித்தும் நாள் தவறாமல் ஞாபகம் வைத்திருந்தது, இரண்டு இடத்திலும் ஒன்றுபோலச் செய்து முடித்தது.

ஆக, கை தவறும் இடமும் மென்பொருள் தவறும் இடமும் வேறு வேறு. கை, செய்யும்போது தவறுகிறது. மென்பொருளை நம்பினால் தவறு எழுதும் நேரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. செய்யும் நேரத்தில் நடக்கும் தவறு அநேகமாக அன்றே தெரிந்துவிடும். எழுதும் நேரத்தில் நடக்கும் தவறு ஒரு வருடம் சத்தமில்லாமல் காத்திருக்கும். இரண்டு கதைகளிலும் தேவைப்பட்டது ஒன்றுதான்: இரண்டாவது ஜோடிக் கண்.

என்ன கேட்க வேண்டும்?

கூகுள் இதற்குப் பிறகு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த உள் கருவியை ஒழித்தார்கள். அந்த வேலை இப்போது முழுக்கத் தானியங்கியாகி, வாடிக்கையாளரே திரையில் பார்த்துக் கட்டுப்படுத்தும்படி மாறிவிட்டது. இதே போன்ற மற்ற எல்லாத் தனியார் கிளவுடுகளையும் ஆட்களை வைத்து ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, வேறு எங்கும் இப்படி ஒரு நாள் குறிக்கப்பட்டுக் காத்திருக்கவில்லை என்று உறுதி செய்தார்கள். பாருங்கள், தீர்வு தானியக்கத்தைக் குறைப்பதாக இல்லை. தானியக்கத்துக்கு வெளியே இருந்த ஒரு கைவழியை மூடினார்கள், கூடவே மனிதக் கண்ணால் ஒரு தணிக்கையும் செய்தார்கள்.

இதிலிருந்து எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் சில கேள்விகள் கிடைக்கின்றன. கேட்பதற்குக் கணினிப் பட்டம் தேவையில்லை.

முதலாவது, காலியாக விட்டால் என்ன ஆகும்? முக்கியமான ஒரு விவரம் நிரப்பப்படாவிட்டால் மென்பொருள் "நிரப்பு" என்று சொல்லி நிற்க வேண்டும். தானாக ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டு மேலே போகக் கூடாது.

இரண்டாவது, அழிக்கும் கட்டளை உடனே நிறைவேறுமா, கொஞ்ச நாள் தள்ளிப்போடுமா? முதலில் நிறுத்திவைத்து, அறிவித்து, சில வாரம் கழித்து அழிப்பது என்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. நகைக் கடன் கட்டாதவரின் நகையைக் கூட நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் ஏலம் விடுகிறார்கள். யார் அழித்தாலும், எந்த வழியாக அழிந்தாலும் அறிவிப்பு போக வேண்டும்.

மூன்றாவது, பேக்கப் யாருடைய சாவியில் இருக்கிறது? உற்பத்திக் கணினிகளை அழிக்க வல்ல அதே கணக்கால் பேக்கப்பையும் அழிக்க முடியும் என்றால் அது இன்னொரு நகல், அவ்வளவுதான். யூனிசூப்பரைக் காப்பாற்றியது அந்தச் சாவிக்கொத்தில் இல்லாத பிரதிகள்தான். வேறு நிறுவனத்தில் தனியாக ஒரு பிரதி வைப்பது செலவு. வருடா வருடம் பட்ஜெட் கூட்டத்தில் "இது எதற்கு, ஒருமுறை கூட உபயோகப்படவில்லையே" என்று யாராவது கேட்டிருக்கவும் கூடும். கேட்டு அதை வெட்டியிருந்தால் 2024 மே மாதம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நான்காவது, மீட்டுப் பார்த்திருக்கிறார்களா? பேக்கப் இருப்பது வேறு, அதை வைத்து நிறுவனத்தை மறுபடி எழுப்பத் தெரிவது வேறு. தீயணைப்பு ஒத்திகை போல வருடத்துக்கு ஒருமுறையாவது எழுப்பிப் பார்க்க வேண்டும். ஆர்கெஸ்ட்ரேஷன் மென்பொருளின் பெரிய உபயோகமே இங்கேதான். எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே எழுதியிருப்பதால், வெறும் இடத்தில் அதே எழுத்தை வைத்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். அந்த எழுத்தும் பத்திரமாக வேறு இடத்தில் இருந்தால்!

ஐந்தாவது, கட்டளையை எழுதியவர் யார், பார்த்தவர் யார், எந்தத் தேதியில்? வவுச்சரில் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே போகாத அலுவலகத்தில், ஆயிரம் கணினிகளின் தலையெழுத்தை மாற்றும் ஒரு படிவம் கையெழுத்தில்லாமல் போவதில் நியாயமே இல்லை.

வணிகவியல் படிக்கும் பலர் நாளைக்குத் தணிக்கையாளராகவோ, கணக்கு அதிகாரியாகவோ, நிதிப் பிரிவிலோ உட்காரப் போகிறவர்கள். தகவல் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒரு கோப்பு மேசைக்கு வரும். அதில் விளங்காத பெயர்கள் நிறைய இருக்கும். அநேகமாக "எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம்" என்ற இரண்டு எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடத் தோன்றும். மிச்சம் உண்மையாகவே இருக்கும். பத்து சர்வரை ஒன்றாக்குவது மிச்சம்தான். ஆனால் பத்து சர்வரை ஒன்றாக்கும்போது பத்து ஆபத்தும் ஒரே இடத்துக்கு வந்து உட்காருகின்றன. அந்த இடத்துக்கு யார் காவல் என்பது கோப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதும் கையெழுத்துப் போடுபவரின் வேலைதான்.

அந்த வாரம் ஆஸ்திரேலியாவில் காத்திருந்த 6 லட்சம் பேரில் பலருக்கு விஎம்வேர் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் செய்ய வேண்டியதை ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து செய்துவிட்டார்கள். மீதி, அவர்களுக்காகக் கணக்குப் பார்க்கச் சம்பளம் வாங்குபவர்களின் பொறுப்பு. அடுத்த முறை ஒரு படிவத்தில் காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால், கோடு இழுக்க வேண்டுமா, எழுத வேண்டுமா, கேட்க வேண்டுமா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அந்த ஒரு நிமிடம் 2023-ல் யாருக்காவது கிடைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.